எழுத்தை விடுவித்தோம், ஓசையை மறந்துவிட்டோம்

1

போன பங்குனியில் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நாடகம் போட்டோம். தூர்ந்துபோன ஒரு கண்மாயைப் பற்றிய கதை, நாற்பது நிமிடம். குழு என்றால் ஏழு பேர். மூன்று பேர் ஐடி வேலை, இரண்டு பேர் கல்லூரி, ஒருவர் கூரியர் கம்பெனி, ஒருவர் ஆட்டோ. மொத்தச் செலவு 7,200 ரூபாய். மைக்செட்டுக்கு 3,500, வேனுக்கு 2,500, மிச்சம் 1,200 டீக்கும் புரோட்டாவுக்கும் போனது. இசைக்கு ஒரு பைசா கிடையாது. இசை என் பென்டிரைவில் இருந்தது.

கடைசிக் காட்சியில் வறண்ட கண்மாய்க்குள் நின்றுகொண்டு அம்மா மகனிடம் பேசுவாள். அதற்கு அடியில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றின் முன்னிசையைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டேன். வயலின் எழுந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. என்னமோ அந்த வயலினை நானே வாசித்த மாதிரி.

மறுநாள் காணொளியை யூடியூபில் ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் பதிப்புரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. பாட்டு வரும் பகுதியை ஊமையாக்கினால் காணொளி இருக்கலாம், இல்லாவிட்டால் யாரும் பார்க்க முடியாது. ஊமையாக்கினோம். வசனம் பாட்டுக்கு மேலேதான் இருந்தது, அதனால் பாட்டோடு சேர்ந்து வசனமும் போனது. இன்றைக்கும் அந்தக் காணொளியில் நான்கு நிமிடம் அம்மாவின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

அன்று ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் வழக்கமான பாட்டு. "காசுக்காரன் கலையைக் கொல்றான்." "இல்லாதப்பட்டவன் நாடகம் போட்டா இவனுங்களுக்கு என்ன?" நானும் நாலு வரி கோபமாக எழுதினேன், எட்டுப் பேர் இதயம் போட்டார்கள். இந்தக் கட்டுரை நான் எழுதிய அந்த நாலு வரிக்கு எதிரானது.

2

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். தப்பு எங்களுடையது. "இசை எல்லாருக்கும் பொது" என்று மேடையில் முழங்குகிற நாம் கேட்கிற இலவசம் எப்போதும் அடுத்தவர் வீட்டு இலவசம்தான். வேன்காரரிடம் "அண்ணே, கலைச்சேவை, சும்மா வாங்க" என்று கேட்கக் கூசுகிறோம். மைக்செட்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். வயலின் வாசித்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

2017இல் இளையராஜா எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார் என்று தெரிந்ததும் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ராஜாவுக்குப் பேராசை என்றது ஒரு கட்சி, உரிமை என்றது இன்னொரு கட்சி. ஏற்கெனவே வந்துவிட்ட பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். யாரும் கேட்டு வாங்கத் தேவையில்லாத இசையை யார் செய்வது, யார் செலவில் செய்வது என்ற பேச்சு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அதே இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு புறப்பட்டு, ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி வளர்ந்தவர். காசில்லாத மேடைக்கு அந்தச் சகோதரர்கள் ஆர்மோனியத்தையும் தொண்டையையும் கொண்டுபோனார்கள். நாங்கள் அவர் பாட்டை பென்டிரைவில் கொண்டுபோனோம்.

சட்டத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம். இதைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதில் பாதி புரளி. "முப்பது செகண்டுக்குள்ள போட்டா பிரச்சினை இல்ல" என்று ஒரு புரளி. "கீழே கிரெடிட்ஸ் போட்டா போதும்" என்று இன்னொன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது.

ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. வரிக்கு அதை எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். மெட்டுக்கு இசையமைத்தவரின் ஆயுளும் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. உதாரணமாக 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பாரதியின் வரிகள் எப்போதோ பொதுச்சொத்து. ஒலிப்பதிவின் 60 ஆண்டு 2021 கடைசியில் முடிந்தது. மெட்டுப் போட்ட ஜி. ராமநாதன் 1963இல் காலமானார், அவருக்கான 60 ஆண்டு 2023 கடைசியில் முடிந்தது. ஆக, சட்டத்தின் கணக்குப்படி அந்தப் பாரதி பாடல்கள் வரி, மெட்டு, பதிவு என்று மூன்றும் சேர்ந்து விடுதலையானது 2024 ஜனவரி 1ஆம் தேதி. அன்றைக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? புத்தாண்டு ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு விஷயம். சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அமெச்சூர் குழு ஒன்று, கட்டணம் கொடுக்காத பார்வையாளர் முன்னால், எழுத்து, நாடக, இசைப் படைப்புகளை நிகழ்த்தலாம். அதில் ஒலிப்பதிவு என்ற சொல் இல்லை. அதாவது, மேலூர்ப் பக்கத்து மந்தையில் எங்கள் பையன் ஒருவன் அந்தப் பாட்டைத் தொண்டையால் பாடியிருந்தால் சட்டம் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கும். பென்டிரைவில் ஓட்டியதற்கு அந்த இடம் இல்லை. காணொளியாக ஏற்றுவதற்கு இரண்டிலுமே இல்லை. பாடுகிறவனுக்கு ஒரு சலுகை, ஓட்டுகிறவனுக்கு அது கிடையாது. எனக்கு இதில் பெரிய அநியாயம் தெரியவில்லை.

3

சரி, திருந்திவிடுவோம் என்று திறந்த உரிமத்தில் இசை தேட உட்கார்ந்தேன். சோறு போடுகிற தொழில் எனக்கு ஓப்பன் சோர்ஸ். காலையில் திறக்கிற லினக்ஸிலிருந்து ராத்திரி மூடுகிற எடிட்டர் வரை யாரோ எழுதி எல்லாருக்கும் விட்டது. இசையிலும் அப்படி ஒரு உலகம் உண்டு என்று தெரியும்.

உண்டுதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இலேயே வந்துவிட்டன. கெவின் மெக்லாய்ட் என்று ஒரு அமெரிக்கர், பெயர் போட்டால் போதும் என்று தன் இசையைக் குவித்து வைத்திருக்கிறார். யூடியூபில் நீங்கள் பார்த்த பாதிப் பூனை வீடியோக்களில் அவர் இருப்பார். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் இருக்கிறது. ஓசைத் துண்டுகளுக்கு ஃப்ரீசவுண்ட் இருக்கிறது.

அங்கே போகிறவர்களுக்கு நான் பட்ட மூன்று பாடங்கள். ஒன்று, 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசமும் இல்லை, பொதுச்சொத்தும் இல்லை. ஒவ்வொரு முறைக்கும் காசு கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு, 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை உள்ள இசையைக் காணொளியில் காட்சியோடு கோத்தாலே அது மாற்றியமைத்தது என்றுதான் அந்த உரிமத்தில் கணக்கு. மூன்று, 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று இருந்தால் ஐம்பது ரூபாய் டிக்கெட் நாடகத்துக்கே சங்கடம் வரும். பெயர் போட்டால் போதும் என்கிற உரிமமோ, எந்த நிபந்தனையும் இல்லாத பூஜ்ய உரிமமோதான் நம்மைப் போன்றவர்களுக்கு நிம்மதி. பேனரில் ஒரு வரி, காணொளிக்குக் கீழே ஒரு வரி, வேலை முடிந்தது.

ஆனால் உரிமம் சரியாக அமைந்த இசை காதுக்குச் சரியாக அமையவில்லை. கண்மாய்க்குள் நிற்கிற மேலூர் அம்மாவுக்கு உக்குலேலே போட்டுப் பார்த்தேன். சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. பியானோ போட்டேன். அவள் வீட்டுக்கடன் வாங்கப் போகிற மாதிரி இருந்தது. உறுமி என்று தேடினேன், நையாண்டி மேளம் என்று தேடினேன், ஒப்பாரி, கொம்பு, ஸ்பெஷல் நாடகத்து ஆர்மோனியம் என்று தேடினேன். நாடகத்தில் தைரியமாகப் போடக்கூடிய உரிமத்தோடு எனக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை. மிருதங்கம் மட்டும் அகப்பட்டது, ஒவ்வொரு சொல்லாகத் தனித்தனியாகப் பதிவு செய்தது. எங்கிருந்து? பார்சிலோனாவிலிருந்து. அங்குள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம்தான் ஃப்ரீசவுண்டை நடத்துகிறது. அங்கேயே நடந்த காம்ப்மியூசிக் என்ற ஆராய்ச்சித் திட்டம் கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டது. ஸ்பெயின்காரர்கள் தங்கள் ஆராய்ச்சிக்குச் செய்தார்கள், நமக்கும் கிடைத்தது. அவர்களுக்கு நன்றி. நம்மைப் பற்றி என்ன சொல்வது?

"ஏஐ-ல போட்டுக்கலாமே மச்சான்" என்றான் குழுவில் ஒருவன். போட்டுப் பார்த்தோம். மதுரை நையாண்டி மேளம் கேட்டோம், மும்பைக் கல்யாண ஊர்வலம் வந்தது. அந்த மாதிரியான இரண்டு நிறுவனங்கள் மேல் 2024இல் அமெரிக்க இசை நிறுவனங்கள் போட்ட வழக்கே, எங்கள் பாட்டைக் கேட்காமல் எடுத்துப் பழக்கினார்கள் என்பதுதான். பென்டிரைவில் நான் செய்ததையே கொஞ்சம் பெரிசாகச் செய்திருக்கிறார்கள்.

4

இதில் எனக்கு உறுத்துவது, இந்தக் காரியத்தில் உலகத்துக்கே முன்னோடி மதுரை என்பது.

பங்குனி, சித்திரையில் மதுரையைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் 'வள்ளி திருமணம்' நடக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். தனித்தனியாக புக் செய்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையேறி விடியும்வரை ஆடுவார்கள். எப்படி முடிகிறது? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த நாடகமும் பாட்டும் எல்லாருக்கும் பாடம். இன்ன இடத்தில் இன்ன பாட்டு, அதற்கு இன்ன மெட்டு என்பது அத்தனை பேருக்கும் பொது. முன்பின் தெரியாத நாலு புரோகிராமர்கள் ஒரு பொதுவான நூலகத்தை வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் மென்பொருள் கட்டுகிற மாதிரி. நாம் இதற்கு ஹேக்கத்தான் என்று பெயர் வைத்து டீ-ஷர்ட் கொடுக்கிறோம். அவர்கள் நூறு வருஷமாக மந்தையில் செய்கிறார்கள்.

1918இல் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள்தான் பிற்பாடு டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் 1948இல் 'பில்ஹணன்' என்ற தங்கள் நாடகத்தைப் படமாக எடுத்தபோது அதில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறிக் கைமாறி அப்போது ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. அவர் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. டி.கே. சண்முகம் அடங்கவில்லை. பாரதி விடுதலைக் கழகம் கிளம்பியது, எழுத்தாளர்கள் கிளம்பினார்கள், 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதியின் உரிமையை மக்களுக்காக எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1955இல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்றானது. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி ஊருக்கு எழுதி வைத்தது உலகத்தில் அபூர்வமான சம்பவம். அந்த நெருப்பில் நாடகக்காரர்களின் பங்கு பெரியது, அவர்கள் எங்கள் ஊர் நாடகப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அதற்குப் பிறகு பாரதிதாசன், பட்டுக்கோட்டையார் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆனது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. முன்னெடுத்தவர் கு. கல்யாணசுந்தரம், இருந்தது சுவிட்சர்லாந்தில். ஊர் ஊராக, நாடு நாடாக ஆட்கள் ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்து சங்க இலக்கியத்தையே இணையத்தில் போட்டார்கள். இன்றைக்கு ஒரு பையன் போனில் புறநானூறு வாசிக்கிறான் என்றால் அந்தத் தட்டச்சில் வந்தது.

அவ்வளவும் எழுத்து. ஓசைக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை. பட்டுக்கோட்டையாரின் வரி பொதுச்சொத்து, அந்த வரிக்கு எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட மெட்டு 2075 வரைக்கும் இல்லை. பாரதி பாட்டை எடுத்துக்கொள் என்கிறோம், ஏழு பேர் நாடகம் போடுகிற பையனுக்கு அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்து, எடுத்துக்கொள் என்று கொடுத்தவர் யார்?

5

இதில் மூன்று பேரைத் திட்ட வேண்டும்.

முதலில் அரசு. நாட்டுடைமைப் பட்டியலை வருஷா வருஷம் நீட்டத் தெரிகிறது. பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே நாதஸ்வரமும் தவிலும் படித்து முடிக்கிற ஒவ்வொரு மாணவரும் கூலி வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் வாசித்துப் பொதுவில் விட்டால், ஐந்து வருஷத்தில் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது. வானொலி மக்கள் காசில் பதிவு செய்துவைத்த நாட்டுப்புற இசை எவ்வளவோ இருக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் பணியில் செய்த படைப்புக்கு அங்கே பதிப்புரிமையே கிடையாது. இங்கே அரசின் படைப்புக்கும் 60 ஆண்டுப் பூட்டு.

இரண்டாவது இலக்கியக்காரர்கள், அதாவது இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நாம். நாட்டாரியல் பற்றி நாம் எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் அழகர்மலை உயரம் வரும். உறுமியின் தோல் எந்த விலங்குடையது என்று தர்க்கம் பண்ணுவோம். ஒரு உறுமிக்காரரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, மைக் வைத்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டோமா?

மூன்றாவது என் சாதி, ஐடிக்காரர்கள். ஓப்பன் சோர்ஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறோம். டைடல் பார்க்கில் உட்கார்ந்து 'பகிர்வுப் பொருளாதாரம்' பேசுகிறோம். நாடகம் போடும்போது மட்டும் டோரண்ட்காரனாக மாறிவிடுகிறோம்.

6

இப்படி நியாயம் பேசிக்கொண்டு ஒரு ஆர்மோனியக்காரரைப் பார்க்கப் போனேன். அறுபது வயதுக்கு மேல். நாற்பது வருஷமாக ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிக்கிறார். திட்டத்தைச் சொன்னேன்.

"ரெக்கார்டு பண்ணி, எல்லாரும் இலவசமா எடுத்துக்கலாம்னு போடுவோம்யா."

"எல்லாரும்னா?"

"யாரு வேணும்னாலும்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப அடுத்த பங்குனிக்கு என்னையக் கூப்புட மாட்டான். ஒங்க ரெக்கார்டத்தான் போடுவான். அம்புட்டுத்தான தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. லினக்ஸ் கதை, மதுரைத் திட்டம், ஓமந்தூரார் எதுவும் அந்த இடத்தில் எடுபடாது. மென்பொருளைப் பொதுவில் விடுகிறவனுக்கு முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. பாரதி உரிமையில் அவர் குடும்பத்துக்கும் அரசு பணம் கொடுத்தது. "நாலு மாசம் ஓடுற பொழப்பு தம்பி. மிச்ச எட்டு மாசத்துக்கும் அதுலதான் சாப்புடணும்" என்றார். திறந்த உரிமம் பற்றிப் பேசுகிற பெரும்பாலான பேச்சில் இந்த எட்டு மாதம் வருவதில்லை. இல்லாதவனிடம் போய், உன்னிடம் இருக்கிற ஒன்றையும் பொதுவில் வை என்று கேட்பதற்குப் பெயர் பொதுவுடைமை இல்லை.

வழியும் அவரே சொன்னார். "வள்ளி திருமணத்துக்கு வாசிக்கிறதக் கேக்காதீங்க. அது ஏஞ்சோறு. ஒங்க நாடகத்துக்குன்னு புதுசாக் கேளுங்க, வாசிக்கிறேன். கூலிய மொதல்ல வைங்க. பேரப் போடுங்க."

புதிதாகச் செய், கூலியை முதலில் கொடு, பெயரைப் போடு. பொதுவில் விடுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய மூன்றையும் அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

ஐடிக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து 9,000 ரூபாய் போட்டோம். அவர், ஒரு உறுமிக்காரர், ஒரு நாதஸ்வரக்காரர், ஆளுக்கு மூவாயிரம். நண்பன் வீட்டு மாடி அறையில் சுவரில் மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்க வாசித்தார்கள். பதினோரு துண்டு, மொத்தம் 23 நிமிடம். பெயர் போட்டால் போதும் என்கிற உரிமம். அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, வாசித்துக் காட்டி, "ஒருதரம் விட்டா திரும்ப வாங்க முடியாதுங்க" என்பதையும் சொல்லி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினோம். உறுமிக்காரர் ஒரு அடியை மட்டும் வாசிக்க மறுத்துவிட்டார். சாமி அழைக்கிற அடி. "அது மிஷின்ல ஓடக் கூடாதுண்ணே" என்றார். விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் திறந்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் நேர்ச்சை இல்லை.

23 நிமிடம் ஒன்றும் பெரிய புதையல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கல்லூரிக் குழுவும் ஒரு கண்மாய்க் காட்சிக்கு உக்குலேலே போடாமல் தப்பிக்க அது போதும். இதைப் போல இருபது ஊரில் இருபது பேர் செய்தால் எட்டு மணி நேரத்துக்குப் பக்கமாக வரும். ஒரு ராத்திரி நாடகத்துக்குக் காணும். திருநெல்வேலிக்காரர்கள் வில்லுப்பாட்டை எடுங்கள், தஞ்சாவூர்க்காரர்கள் தவிலை எடுங்கள். உங்கள் குழுவில் சம்பளக்காரர் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு மூவாயிரம் போடுங்கள். கலைஞரிடம் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று கேளுங்கள். விட்டதை விக்கிமீடியா பொதுவகத்திலோ இணைய ஆவணகத்திலோ தமிழிலேயே பெயர் எழுதிப் போடுங்கள், உறுமி என்று தேடினால் உறுமி கிடைக்கிற மாதிரி.

அடுத்த நாடகம் உசிலம்பட்டிப் பக்கம். இசைக்கென்று செலவுக் கணக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ஆர்மோனியக்காரரை நேரிலேயே வாசிக்கக் கூப்பிட்டோம், அது ஐப்பசி மாதம், அவருக்கு வேலையில்லாத காலம். பழைய காணொளியை அழித்துவிடலாம் என்றான் ஒருவன். நான் வேண்டாம் என்றேன். அந்த நான்கு நிமிடம் அப்படியே ஊமையாக இருக்கட்டும்.